பெண்ணாகப் பேசத் தெரிய வேண்டும்

ரங்கூனில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். நிறுத்தம் நெருங்கும்போது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே "பாலா? பாலா?" என்று கூவுவான். இந்த ஊருக்கு வந்த புதிதில், பஸ்ஸிலேயே பால் விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். யாரும் சொம்பை நீட்டக் காணோமே என்று பார்த்தால், பின்னாலிருந்து ஒருவர் "பாடே" என்பார், வண்டி நிற்கும், அவர் இறங்கிப் போவார். இறங்க ஆள் இருக்கிறதா என்பது கேள்வி, இருக்கிறது என்பது பதில். அவ்வளவுதான். அது புரிந்த பிறகு நானும் தைரியமாக, கூடவே மரியாதைச் சொல்லும் சேர்த்து, "பாடே கம்யா" என்று குரல் கொடுத்து இறங்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் கண்டக்டர் திரும்பி எனக்குப் பின்னால் யாரையோ தேடுவான். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அவன் யாரைத் தேடினான் என்பது பல வருடங்கள் கழித்து, பிழைப்பே கையை விட்டுப் போக இருந்த ஒரு நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இப்போது நான் ரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. கோவிலில், ரேஷன் வரிசையில், லெப்பெயே என்று இங்கே சொல்கிற தேநீர் குடிக்கும் கடையில், எங்கே அப்பாவைப் பார்த்தாலும் நம் ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: "ஒங்க பொண்ணை எப்படிங்க சேத்தீங்க? என்னென்ன வேணும்?" அப்பாவும் ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்ததை மனப்பாடமாக ஒப்பிப்பார். பத்தாவது தேறியிருக்க வேண்டும், பர்மிய மொழியில் நல்ல மார்க்கு வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, இந்த நாட்டுக் குடிமக்களாக இருக்க வேண்டும், நெஞ்சுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும், கண்ணும் பல்லும் சரியாக இருக்க வேண்டும், நன்னடத்தைக்குப் பெரியவர்கள் எழுதித் தர வேண்டும். உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு. நான் அதை மயிரிழையில் தாண்டினேன், கொண்டையைச் சேர்க்காமல்தான். இவ்வளவும் என்னிடம் இருந்தது. வாசலில் ஒட்டாத ஒரு தகுதி மட்டும் என்னிடம் இல்லை. அது இல்லையென்பதும் எனக்குத் தெரியாது.

என் அம்மா பரமக்குடிக்குப் பக்கத்து ஊரில் இரண்டாம் பிரசவத்தில் போய்விட்டாள். வலி கண்டபோது மாட்டு வண்டி பூட்டினார்கள். வண்டி டவுன் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்தது. பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு கை பக்கத்தில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று இன்றைக்கு நான் படிக்கிற படிப்பு எனக்குச் சொல்கிறது, அதைப் படிக்கும் இடத்திலெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. அப்பா அப்போது ரங்கூனில், பசுந்தாங் ஓடைக் கரையில் இருந்த அரிசி மில்லில் ஃபிட்டர். ஊருக்கு வந்து, என்னைக் கையில் பிடித்துக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார். மாடியில் ஒரே அறை. சமைப்பது அப்பா, தலை பின்னிவிடுவது அப்பா, பர்மியப் பேச்சு சொல்லிக் கொடுத்ததும் அப்பா. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மில் எஞ்சின் அறை ஆட்களும் ஓடையில் நெல் கொண்டு வரும் படகுக்காரர்களும். மாலையில் அவர்கள் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து கதை பேசுவார்கள். நான் மூலையில் பாடம் படித்தபடி அத்தனையையும் காதில் வாங்கிக்கொள்வேன். நம்மவர் பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழி ஏட்டில்தான் இருந்தது, பேச்சில் இல்லை. பர்மியப் பிள்ளைகளோடு விளையாடும்போது மரியாதைச் சொல் தேவைப்படவில்லை. பெரியவர்களிடம் பேசும்போது தேவைப்பட்டது, அப்போது அப்பா பேசுவதைப் போலவே நானும் பேசினேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நம்மை இங்கே 'கலா' என்பார்கள். கலா பர்மிய மொழி பேசினால் சிரிப்பது வழக்கம், அதனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அப்பாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நான் பத்தாவது முடித்த சமயம் ஊரே மாறிவிட்டது. கடைகளும் மில்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. லத்தாக் கடைவீதியில் நம்மவர் மொத்த வியாபாரம் செய்த கடைகளில் பெயர்ப்பலகை இறங்கி எண் போட்ட பலகை ஏறியது. வாரம் தவறாமல் தெரிந்த முகம் ஏதாவது ஒன்று கப்பலேறியது. அப்பாவிடம் குடிமகன் என்பதற்கான காகிதம் இருந்தது. எஞ்சினைத் தொடத் தெரிந்தவர் என்பதால் மில்லிலும் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அவருக்கு பயம். பக்கத்து அறைச் செல்லையா மாமா குடும்பமும் கிளம்பத் தயாரானதும் அப்பா ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "இந்தா பாரு தாயி. நர்சுப் படிப்புல ஒனக்கு எடம் கெடைச்சா, அரசாங்கமே ஒன்னப் பாத்துக்கும். இருப்போம். கெடைக்கலையா, நம்மளும் கப்பலுக்குப் பேர் குடுத்துருவோம்." கப்பல் ஏறினால் அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருந்தது என்னவென்றும் எனக்குத் தெரியும்: அத்தையின் மளிகைக் கடையும் அத்தை மகனும். இரண்டையும் சேர்த்து என் தலையில் கட்ட அத்தை எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

நான் விண்ணப்பித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அத்தை எழுதியிருந்தாள், கண்டவர் உடம்பையும் தொடுகிற வேலைக்குப் போனால் நம் குடும்பத்துப் பெண்ணை எவன் கட்டுவான் என்று. ஊரில் இதைப் படிக்கும் அக்கா தங்கைகளே, உங்கள் வீட்டிலும் இதே பேச்சு இருக்கும். இங்கே நர்ஸை என்னவென்று கூப்பிடுகிறார்கள் தெரியுமா? 'சயாமா'. பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவுக்கும் அதே சொல்தான். பள்ளியில் கை நீட்டச் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் கை நீட்டச் சொன்னாலும் சொல்பவள் சயாமா. வாசற்படியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே வயதானவர்கள்கூடக் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுவார்கள். நம் ஊரில் நோயாளி சாகும்வரை நர்ஸ் வேண்டும், சம்பந்தம் பேசும்போது மட்டும் வேண்டாம். இந்தக் கணக்கு எனக்கு எந்த நாளும் புரிந்ததில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அப்பாவின் மில் ஆட்கள் எல்லோரும் வழியனுப்பினார்கள். அறைக்குள் மூன்று பேர். நடுவில் மேட்ரன் டோ மியா, மெலிந்த அம்மாள், தலையில் ஒரு மயிர் கலையவில்லை. டோ என்பது இங்கே பெரிய பெண்களுக்கு மரியாதை, ஊ என்பது ஆண்களுக்கு. வலப்பக்கம் ஊ லா என்ற அதிகாரி. இடப்பக்கம் ஒரு டாக்டர், அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஏன் இந்த வேலைக்கு வர ஆசை என்று மேட்ரன் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று, உருப்போட்டு வைத்திருந்ததைக் கணீரென்று சொன்னேன். என் அம்மா நர்ஸ் இல்லாமல் இறந்தாள், அப்படி வேறொருத்தி இறக்கக் கூடாது என்று நினைக்கிறேன், என்பதுதான் அது. என்னைச் சொல்லும் இடத்திலெல்லாம் 'ஜனோ' என்றேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தவறாமல் 'கம்யா' போட்டேன். மூன்றாவது வாக்கியத்தில் ஊ லா கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார். என் அம்மா செத்ததைச் சொல்லும்போது ஒரு மனிதர் சிரிக்கிறார் என்றால் என்ன செய்வது? நான் இன்னும் சத்தமாக, இன்னும் கூடுதலாகக் கம்யா சேர்த்துச் சொன்னேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு பர்மியப் பேச்சு யார் கற்றுத் தந்தது?" என்று கேட்டார்.

"என் அப்பா, கம்யா."

"அவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"அரிசி மில்லில் ஃபிட்டர், கம்யா."

ஊ லா மேசைமேல் கவிழ்ந்தே விட்டார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பெண்ணை வார்டில் விட்டால் தையல் போட்டவர்களுக்கெல்லாம் தையல் பிரிந்துவிடும்" என்றார். மேட்ரன் என்னிடம் சொன்னார்: "மார்க்கு சரி. உடம்பு சரி. பேச்சு சரியில்லை. அடுத்த வாரம் மற்றவர்களோடு வார்டுக்கு வா. அங்கே உங்கள் எல்லோரையும் பார்த்துத்தான் முடிவு. அன்றைக்கும் இப்படித்தான் பேசுவாய் என்றால் நீ வர வேண்டாம்." எப்படிப் பேசுகிறேன், எதில் தப்பு என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருப்பார்.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே மா ஓன் என்ற பெண் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய சேமியா, விற்பாள். என்னைவிடச் சில வயது மூத்தவள், வாய்க்காரி. அழுத முகத்தோடு அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள், பிறகு நான் அழுவதைப் பார்த்து நிறுத்தினாள். "அடி பைத்தியமே, கம்யா ஆம்பளைங்க சொல்றது. ஜனோவும் அப்படித்தான். பொம்பளைங்க ஷின்னு முடிக்கணும், தன்னை ஜமான்னு சொல்லிக்கணும். நீ சின்னதிலேருந்து படகுக்காரன் மாதிரிதான் பேசிக்கிட்டு இருக்கே!"

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

"உங்க அப்பாவும் அப்படித்தானே பேசறாரு? உங்க ஆளுங்கள்ல பொண்ணுங்களும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். கேக்க வேற நல்லா இருந்துச்சு."

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்கித்தான் ஆக வேண்டும். நம் தமிழில் அடுத்தவர் ஆணா பெண்ணா என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. வந்தான், வந்தாள். மரியாதைக்கு 'வந்தார்' என்றால்தான் தப்பலாம். ஆனால் 'நான் வந்தேன்' என்றால் ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். இங்கே நேர்மாறு. அடுத்தவர் அவனோ அவளோ, ஒரே சொல் போதும். பேசுகிறவர்தான் தான் ஆணா பெண்ணா என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லியாக வேண்டும். பர்மியப் பெண்கள் ஷின் ஷின் என்பதை நானும் கேட்டிருக்கிறேன். அது ஏதோ செல்லப் பேச்சு, மரியாதையான பேச்சு கம்யாதான் என்றல்லவா நினைத்திருந்தேன்! மேட்ரனின் முன்னால் நின்று, 'நான் வந்திருக்கிறேன்' என்பதற்குப் பதில் 'ஓர் ஆம்பளை வந்திருக்கான்' என்று நிமிடத்துக்கு நிமிடம் அறிவித்திருக்கிறேன். பஸ் கண்டக்டர் எனக்குப் பின்னால் தேடியதும் அந்த ஆம்பளையைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதோடு எரிச்சலும் வந்தது. பாவாடையும் பின்னலும் கண்ணுக்குத் தெரியவில்லையா, வாய் வேறு சொல்ல வேண்டுமா?

அன்றிலிருந்து மா ஓன் சட்டம் போட்டுவிட்டாள்: ஷின் இல்லாமல் கேட்டால் மொஹிங்கா இல்லை. நான் பசியோடு படியில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் திருத்திச் சொல்ல வேண்டும். நுனி நாக்கில் கம்யாதான் வந்து நிற்கும். அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு ஷின்னை வெளியே இழுக்க வேண்டும். மாலையில் அப்பா நோயாளியாகப் படுத்துக்கொள்வார். நான் அவருக்கு மருந்து கொடுத்து, "வலிக்கிறதா ஷின்? திரும்பிப் படுங்கள் ஷின்" என்று பழகுவேன். தப்பு வந்தால் அவர் பாயைத் தட்டுவார். பதில் சொல்லும்போது தாமும் ஷின் சேர்த்துச் சொல்லி எனக்கு உதவி செய்வார். அதன் பலன் அந்த வாரமே தெரிந்தது. மில்லுக்கு வந்த புது அதிகாரி எஞ்சினைப் பார்க்கச் சொன்னபோது, என் அப்பா, மீசை வைத்த மனிதர், கையில் ஸ்பானரோடு நின்று, "ஹோக்கே ஷின்" என்று பதில் சொல்லியிருக்கிறார். 'ஆகட்டுங்க' என்று ஒரு பெண் நாணத்தோடு சொல்வது போல! மில் ஒரு நிமிடம் ஓடவில்லை. பிறகு அவரை ஆளுக்கு ஆள் 'சயாமா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படியேறும்போதே சிரித்தார். "ஒனக்காக நான் பொம்பளையாவே ஆயிட்டேன் தாயி. இனிமே நீ தேறலேன்னா ரெண்டு பேருக்குமே அவமானம்" என்றார். அம்மா போன பிறகு அவர் வாய்விட்டு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வார்டுக்குப் போன அன்று எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான் தமிழ்ப் பெண். தண்ணீர் கொடுப்பது, முகம் துடைப்பது, விசாரிப்பது என்று ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஊ லா ஒரு கட்டில் தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.  நான் ஷின்னுக்கு மேல் ஷின் போட்டேன். ஒரு பாட்டியம்மாள் என் கன்னத்தைக் கிள்ளி, "எவ்வளவு பதவிசாகப் பேசுகிறது பார்" என்றாள். நான் ஊ லாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும்.

ஆண்கள் பக்கத்தில் ரகளை. டாலாவிலிருந்து ஆற்றைக் கடந்து கொண்டுவந்திருந்த சம்பான் படகுக்காரர் ஒருவர், காலில் துருப்பிடித்த ஆணி ஏறி வீங்கியிருந்தது, ஊசி போட விட மாட்டேன் என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஊசி போட்டால் கால் செத்துப்போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நர்ஸ்கள், "ஊலே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஷின், ஒன்றும் செய்யாது ஷின்" என்று கெஞ்சினார்கள். ஊலே என்றால் மாமா மாதிரி. அவர் காது கொடுக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தார். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். எங்கள் அறையில் மாலை மாலையாக நான் கேட்டு வளர்ந்த குரல். என் கால்கள் அவர் கட்டிலுக்குப் போய்விட்டன; ஒரு வாரம் அடைத்து வைத்திருந்தது வாயிலிருந்து தானாகப் புறப்பட்டது.

"ஊலே, எங்க கிளம்பிட்டீங்க கம்யா? வெள்ளம் போகிற ஆத்தில ஒத்தைத் துடுப்புல வர்றவரு, இந்த ஈர்க்குச்சிக்கா பயப்படுறீங்க? டாலாத் துறையில தெரிஞ்சா என்ன சொல்வாங்க? ஜனோ வாயத் தொறக்க மாட்டேன், நீங்க கையக் குடுங்க கம்யா!"

 படகுக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கறுத்த, குட்டையான, பின்னல் போட்ட ஒரு கலாப் பெண்ணின் வாயிலிருந்து அவருடைய படகுத் துறையே பேசுகிறது. முதலில் உதடு துடித்தது, பிறகு தொந்தி குலுங்கியது, பிறகு இருமல் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் அந்தச் சிரிப்புக்குள்ளேயே ஊசியைப் போட்டு எடுத்துவிட்டாள்.  போச்சு, எல்லாம் போச்சு, கப்பல்தான், மளிகைக் கடைதான் என்று நினைத்தேன்.

"பார்த்தீர்களா, இதைத்தான் நான் அன்றே சொன்னேன்" என்றார் ஊ லா.

"ஊசி போட்டாயிற்று ஊ லா, அதுதானே வேண்டும்?" என்றார் மேட்ரன். பிறகு என்னைப் பார்த்தார். "இத்தனை நேரம் ஷின் என்று சொன்னது உனக்குத் தெரிந்துதானே?"

தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவே பயம்.

"உன் அப்பா உனக்கு நல்ல பேச்சுதான் கற்றுக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவர் உள்ளேயே இருக்கட்டும். நான் கூப்பிட்டால் மட்டும் வெளியே வரட்டும். புரிந்ததா?"

"ஹோக்கே ஷின்" என்றேன். ஊ லாவே சிரித்துவிட்டார். இந்தத் தடவை அது எனக்குக் கசக்கவில்லை.

என் பெயர் வாசலில் ஒட்டப்பட்ட அன்று பசுந்தாங்கில் எங்கள் படிக்கட்டே திருவிழாவாகிவிட்டது. மா ஓன் பானையோடு மொஹிங்காவைப் படியேற்றி, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் ஊற்றினாள். "நான் பொம்பளையாக்கின பொண்ணு!" என்று தெருவுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டாள். மில் ஆட்கள் அப்பாவைத் தோளில் தூக்கினார்கள். அப்பா கப்பலுக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை என்று சொன்னார். ஊருக்கு ஒரே வரியில் பதில் எழுதச் சொன்னார்: 'தங்கச்சிக்கு, பிள்ளை சயாமா ஆகப்போகிறாள், உன் மகனுக்கு வேறு இடம் பார்.' அந்த வரியை எழுதும்போது எனக்கு இருந்த ஆனந்தத்தை நான் மறைக்கப் போவதில்லை. இப்போது வார்டில் யாராவது முரண்டு பிடித்தால் மேட்ரன் என் பக்கம் திரும்பி, "உன் அப்பாவைக் கூப்பிடு" என்பார். நோயாளிகள் எனக்கு 'கம்யா சயாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பெண்கள் யாராவது இந்தப் படிப்புக்கு வர நினைத்தால், வாசலில் ஒட்டியதைப் படித்துவிட்டு, கூடவே கீழ்வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். அப்பாமார் சொல்லிக் கொடுத்ததையும் மறந்துவிடாதீர்கள்.

பெயர் கொடுத்துக் காத்திருந்த செல்லையா மாமா குடும்பத்துக்கு முறை வந்து, கப்பலேறியது போன மாதம்தான். எனக்கு அன்று மாலை டியூட்டி. அதுவரை விடுப்பு வாங்கிக்கொண்டு சீருடையோடே துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அப்பா அவர்கள் மூட்டைகளைத் தலையில் வைத்துக் கப்பல் பலகையில் ஏற்றிவிட்டு இறங்கி வந்தார். மாமி மேலேயிருந்து, "போயிட்டு வர்றோம், போயிட்டு வர்றோம்" என்று கையசைத்தாள். வரப்போவதில்லை என்று எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கீழே நின்ற நாங்களும், "போயிட்டு வாங்க" என்றே கத்தினோம். கப்பல் ஊதி, கரையைவிட்டு விலகி, சேற்று நிற ஆற்றில் மெல்லத் திரும்பியது. அது கண்ணுக்குச் சின்னதாகும்வரை அப்பா நின்று பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி தாயி, வா, வீட்டுக்குப் போவம்" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருடமும் பசுந்தாங்கில் நாங்கள் இருக்கும் இடத்தை அவர் 'ரூம்' என்றுதான் சொல்வார். வீடு என்றால் அது பரமக்குடிப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு; அதன் சாவி இன்றைக்கும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. "எனக்கு டியூட்டிப்பா" என்றேன். "ஆமால்ல, நீதான் ஆஸ்டல்ல இருக்கியே" என்று சிரித்துவிட்டு, கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினார். நான் மேற்கே, ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தேன். அப்பாவுக்கு ஒருவழியாக இந்த ஊரில் ஒரு வீடு வந்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்தது. அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி என்பது சாலையைக் கடந்த பிறகுதான் உறைத்தது.